அதெல்லாம் தூங்கியாச்சுக்கா

அந்தச் சட்டை ஈரமாக இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியில் மாட்டியிருந்தது. பையை உள்ளே வைக்கும்போது என் கையில் பட்டு ஜில்லென்றது. தாம்பரத்தில் அதிகாலை நான்கு மணி. குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் கிளம்ப வேன் வந்து நிற்கிறது. "தூங்குனீங்களா தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் தூங்கியாச்சுக்கா" என்றார். பிள்ளைகள் உட்காரும் இடம் என்று அத்தை சொன்னதும் சட்டையை எடுத்து மடித்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. நல்லபடியாகப் போய், அருவியில் குளித்து, நல்லபடியாகத் திரும்பிவிட்டோம். ஆனாலும் அந்த ஈரம் மனசை விட்டுப் போகவில்லை.

வீட்டில் படுத்து எழுந்து வருகிறவர் சட்டையை வண்டியில் காயப்போட மாட்டார். முந்தைய சவாரியை இறக்கிவிட்டு, ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் குழாயில் அலசிப் பிழிந்து, மாற்றுச் சட்டையோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. எதிரே ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் சாலை. விழுப்புரம், திருச்சி, மதுரை, ராஜபாளையம் தாண்டித் தென்காசி.

ஒரு வாரமாக எத்தனை ஏற்பாடு! முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் காய்ச்சி, இட்லிக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி, இலையில் மடித்தாயிற்று. வாந்தி வருகிற பிள்ளைக்கு மாத்திரை, எலுமிச்சம்பழம், பாலித்தீன் கவர். சித்தப்பா டார்ச் அடித்து டயர் பட்டனைப் பார்த்தார். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

ஸ்டெப்னி என்றதும், பாதி நினைவில் இருக்கும் ஒரு புறநானூற்றுப் பாட்டு வருகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு விற்கப் போகும் உமணர்கள், வழியில் என்ன வருமோ என்று வண்டிக்கடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த அச்சுப் போல உதவுகிறவன் நீ என்று தலைவனைப் புகழ்கிற பாட்டு. படித்த காலத்தில் அந்த முன்யோசனைதான் பெரிதாகத் தெரிந்தது. இழுக்கிற எருதுகள் இளசு, நுகம் பழகாதவை என்பதையும் ஔவை அதிலேயே சொல்லியிருக்கிறார். இப்போது அங்கேதான் நின்றுவிடுகிறேன். அச்சுக்கு மாற்று இருந்தது. எருதுக்கு?

என் தாத்தா வில்வண்டி கட்டித் திருவிழாவுக்குப் போனவர். பூட்டுவதற்கு முன் மாட்டின் கழுத்தில், நுகத்தடி படும் இடத்தில், உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவுவார். தோல் கன்றியிருந்தால் வண்டி கிளம்பாது. நாங்கள் அழுதாலும் கிளம்பாது. மாடு பொய் சொல்லாது, அதனால் கை சொன்னதே முடிவு.

மனிதரிடம் அப்படிச் செய்ய முடியுமா? கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, 'நீங்கள் ஓட்ட லாயக்கில்லை' என்று நான் தீர்ப்புச் சொன்னால், அவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை என்றாகிவிடும். அவர் சொல்லை நம்பினேன் என்பதும் முழு உண்மை இல்லை. 'தூங்கவில்லை' என்றால் சவாரி போகும், பேட்டா போகும், முதலாளி அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்தது ஒரே பதில். நான் அக்கறையாகத்தான் கேட்டேன். ஆனால் அவர் பொய் சொல்லும் நிலைமையில் கேட்டேன்.

சட்டம் இல்லாமல் இருந்ததில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது; 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றது. அது பொதுவாக 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. ஒரே ஒரு வேன் வைத்திருக்கும் முதலாளியும் அவருடைய ஒரே டிரைவரும் அதற்கு வெளியேதான் நின்றார்கள். தங்கும் விடுதிகளில் ஓட்டுநர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய திருத்தம். ஆனால் அது போய்ச் சேர்ந்த பிறகு வரும் இரவுக்கு. புறப்படுவதற்கு முந்தைய இரவு யார் கணக்கில் வரும்?

"ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்திரிங்க, ஆறு மணிக்குக் கிளம்பலாம்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள் தோழி. நியாயம்தான். ஆனால் தெரு முழுக்க முழித்திருக்க, பதினைந்து பேர் பையோடு வாசலில் நிற்க, எந்த டிரைவருக்குத் தூக்கம் வரும்? "வேணாங்க்கா, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

டிசம்பரில் ராமேஸ்வரம் போகப் பேச்சு நடக்கிறது. இரண்டு டிரைவர் கேட்கலாம் என்றிருக்கிறேன்; கூடுதல் பேட்டாவை நாங்கள் பகிர்ந்துகொள்ளலாம். முதல் நாள் வண்டி எங்கே ஓடியது என்று முதலாளியிடம் விசாரிக்கவும் நினைக்கிறேன். ஆனால் டிரைவர் இரவெல்லாம் ஓட்டிவிட்டு வருகிறார் என்று தெரியவந்தால், அவர் கேட்டு வாங்கிய சவாரியை, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணமாக இருக்கலாம் அது, வேண்டாம் என்று நிறுத்துவது அவருக்கு நல்லதா, எனக்கு மட்டும் நிம்மதியா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.