விற்ற பிறகு

2017 மார்ச் மாதம் அயர்லாந்து அரசு தன் கடற்படையின் பழைய ரோந்துக் கப்பல் ஒன்றை ஏலம் விட்டது. கப்பலின் பெயர் ஆஷ்லிங். நீளம் 65 மீட்டர், சேவைக் காலம் 36 ஆண்டு. ஏலம் போன தொகை 1,10,000 யூரோ. டப்ளினில் அந்தக் காசுக்கு ஒரு சுமாரான வீட்டில் பாதிகூடக் கிடைக்காது. எடுத்தவர் ஒரு டச்சுக் கப்பல் தரகர். அவரிடமிருந்து ஐக்கிய அரபு அமீரகத்து நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறி, 2018 மே மாதத்தில் லிபியாவின் பெங்காசித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது அதன் பெயர் அல் கராமா. அதை வைத்திருப்பவர் கலீஃபா ஹஃப்தார். கிழக்கு லிபியாவைப் படைபலத்தால் கையில் வைத்திருந்த தளபதி.

லிபியாவுக்கு ஆயுதம் போகக்கூடாது என்று ஐ.நா. 2011லேயே தடை போட்டிருந்தது. ஆஷ்லிங்கை விற்கும்போது பீரங்கிகளைக் கழற்றிவிட்டுத்தான் விற்றார்கள். ஆனாலும் அந்தக் கப்பல் லிபியாவுக்குப் போனதே தடைமீறல் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. பீரங்கி தாங்குவதற்கென்றே கட்டிய தளத்தில் பீரங்கியை மறுபடி ஏற்றுவது பெரிய வேலையில்லை.

இதில் அயர்லாந்தின் தப்பு என்ன? சட்டப்படி பார்த்தால் ஒன்றுமில்லை. பகிரங்க ஏலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே வாங்குபவர், ஆயுதமில்லாத வெற்றுக் கப்பல். "வித்தாச்சு, அதுக்கப்புறம் அது எங்க போனா எனக்கென்ன?" என்று சொல்ல எல்லா உரிமையும் உண்டு. அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது.

இந்தக் கப்பல் என்னென்ன செய்தது என்று பார்த்துவிடலாம். அயர்லாந்தின் கடற்படை மிகச் சிறியது. நிலத்தைவிடப் பல மடங்கு கடலைச் சில கப்பல்களை மட்டும் வைத்துக்கொண்டு காவல் காத்தது. பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளை நிறுத்திச் சோதிக்கிற வேலை. 1984 செப்டம்பர் இறுதியில் கெர்ரி மாவட்டத்துக் கரைக்கு அப்பால் மரிட்டா ஆன் என்ற மீன்பிடிப் படகை ஆஷ்லிங்கும் அதன் சகோதரக் கப்பலான ஈமரும் மடக்கின. உள்ளே ஐரிஷ் குடியரசுப் படைக்காகக் கடத்தி வந்த ஆயுதங்கள், ஏறக்குறைய ஏழு டன். ஆயுதக் கடத்தலைப் பிடித்த கப்பலே பின்னாளில் ஆயுதத் தடையை மீறிய சரக்காகி நின்றது.

அடுத்த வருடம் ஜூன் 23. ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து அயர்லாந்தின் தென்மேற்கே அட்லாண்டிக்கில் விழுந்தது. 329 பேர், பெரும்பாலும் இந்திய வம்சாவளிக் கனடியர்கள், குழந்தைகள் பலர். அங்கே போய்ச் சேர்ந்து மீட்புப் பணியை நடத்திய கப்பல்களில் ஆஷ்லிங் முக்கியமானது. அலையில் சின்ன ரப்பர் படகுகளை இறக்கி, இளம் மாலுமிகள் உடல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். எல்லாக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் சேர்ந்து மீட்டது 131 உடல்கள். அந்த மாலுமிகளில் சிலருக்குப் பதக்கம் கிடைத்தது. கார்க் மாவட்டத்து அஹகிஸ்டா என்ற கடலோர ஊரில் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் குடும்பங்கள் வருகின்றன.

இதையெல்லாம் சொன்னால், "அதெல்லாம் மனுஷன் செஞ்சது, இரும்பு செய்யல" என்று யாராவது கேட்பார்கள். நியாயம்தான். கப்பலுக்குப் புண்ணியமும் கிடையாது, பாவமும் கிடையாது. நான் கேட்பது விற்றவனைப் பற்றி.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. உழுது ஓய்ந்த காளையை விற்கப் போகிறவன், வாங்குகிறவன் சம்சாரியா, அடிமாட்டுக்கு ஓட்டுகிறவனா என்று பார்ப்பான். சம்சாரி என்றால் ஐந்நூறு குறைந்தாலும் கயிற்றைக் கையில் கொடுப்பான். மனசு கேட்காது, பணமும் வேண்டும் என்கிறவன் தரகரிடம் விடுவான். துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடியும். தரகர் எங்கே ஓட்டுவார் என்று இவனுக்கு நன்றாகத் தெரியும், கேட்கமாட்டான். கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா? தரகு என்பதே பாதிக்குப் பாதி, தெரியாமல் இருப்பதற்குக் கொடுக்கிற கூலி.

ஏலத்தை நான் அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அரசாங்கச் சொத்தை விற்கிற அதிகாரி ஆளைப் பார்த்து விற்றால் அங்கே ஊழல் நுழையும். மச்சானுக்கு ஒரு விலை, மற்றவனுக்கு ஒரு விலை. அதைத் தடுக்கத்தான் முகம் பார்க்காத ஏலம் வந்தது. முகம் பார்க்காததுதான் அதன் நேர்மை, அதுவே அதன் குருட்டுத்தனமும். பழைய மேஜை நாற்காலி விற்க அது போதும். ரோந்துக் கப்பலுக்குப் போதுமா?

ஆஷ்லிங்கோடு பிறந்தவை இரண்டு, ஈமரும் ஈஃபாவும். மூன்றும் கார்க் துறைமுகத்து வெரோல்மே தளத்தில் கட்டியவை. ஈமரை 2013இல் இதே மாதிரி ஏலத்தில் ஒரு நைஜீரிய வியாபாரி எடுத்தார். பிறகு அது நைஜீரியக் கடற்படையிடம் போய்ப் பயிற்சிக் கப்பலானது. நல்ல முடிவு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கும் ஆஷ்லிங்குக்கும் விற்றவன் செய்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஈமர் விஷயத்தில் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஈஃபாவின் கதை வேறு. 2015இல் அதை மால்டாவுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். மத்தியதரைக் கடலில் அகதிப் படகுகள் கவிழ்ந்துகொண்டிருந்த வருடம் அது. அதே ஆகஸ்டில் லிபியாவுக்கு அப்பால் கவிழ்ந்த ஒரு படகிலிருந்து நீவ் என்ற ஐரிஷ் கப்பல் 367 பேரை உயிரோடு தூக்கியது, 25 உடல்களையும். தானம் கொடுக்கிறவன் வாங்குகிறவனின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்: யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் கொடுக்க முடியாது. விலை அந்தக் கட்டாயத்தை நீக்கிவிடுகிறது. மால்டா ஒன்றும் மாசில்லாத கை இல்லை. அகதிகளை அது நடத்துகிற விதத்தை மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்திருக்கின்றன. ஆனாலும் நாளைக்கு அந்தக் கப்பல் தப்பு செய்தால் அயர்லாந்து மால்டாவிடம் நேராகக் கேட்கலாம். பெங்காசியில் யாரிடம் கேட்பது? நடுவில் ஒரு தரகர், ஒரு நிறுவனம், பெயர் மாற்றம். ஒவ்வொரு கையும் பாதி உண்மை சொல்லித் தப்பிக்கும்.

இந்த அவமானத்துக்குப் பிறகு அயர்லாந்து வழியை மாற்றிக்கொண்டது. 2022இல் ஓய்வுபெற்ற ஈத்னா, ஓர்லா, கீரா மூன்றும் ஏலத்துக்கு வரவில்லை, உடைக்கப் போயின. இனி யார் கையிலும் சிக்காது. பாராட்டத்தான் வேண்டும், ஆனால் எனக்கு முழுத் திருப்தியில்லை. தன் கடலில் அந்நியப் படகுகள் மீனை அள்ளிக்கொண்டு போவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஏழை நாடுகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேடி, விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பது நீண்ட வேலை. ஆண்டுக்கு ஒரு முறையாவது கப்பல் என்ன செய்கிறது என்று போய்ப் பார்க்கவும் வேண்டும். உடைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆஷ்லிங் என்றால் ஐரிஷ் மொழியில் கனவு. அல் கராமா என்றால் அரபியில் கண்ணியம். ஹஃப்தார் 2014இல் தொடங்கிய போருக்கு வைத்த பெயரும் அதுதான். தங்கள் பழைய கப்பலின் படத்தை, புதுப் பெயரோடு, அந்த முன்னாள் மாலுமிகள் செய்தித்தாளில் பார்த்திருப்பார்கள். விற்கும் முன் அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏல விதிகளில் அதற்கு இடமில்லை.