சன்னலோர இருக்கையும் சக்கேயுவின் மரமும்

நெடுந்தூர விமானப் பயணம் காவிரிப் படுகை மக்களுக்கு இன்று அரிதானதன்று. திருவிடைமருதூர் வட்டாரத்துத் தெருக்கள் பலவற்றில், வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ இலண்டனிலோ பிழைக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும் பெற்றோர் இருக்கின்றனர். பிள்ளைகளைக் காண அவர்கள் புறப்படுகையில், பெட்டியின் எடையைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி ஒன்று உண்டு: சன்னலோர இருக்கை கிடைக்குமா?

பயணத்தில் பழகியவர்கள் இதில் நுணுக்கங்களும் சொல்வார்கள். தில்லியிலிருந்து காட்மாண்டு செல்வோர் இடப்பக்கம் அமர வேண்டும். இமயத்தின் பனிமுடிகள் அப்பக்கமே தெரியும். இறக்கைக்கு நேரான வரிசைகளைத் தவிர்க்க வேண்டும். அங்கே அமர்ந்தவர் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நம் வட அரைக்கோளத்தில் பகல் வெயில் பெரும்பாலும் தென்புறமிருந்து விழுவதால், மேற்கே போகிறவருக்கு வலப்பக்கம் கண் கூசாது. இவ்விருக்கைகளுக்கென்று விமான நிறுவனங்கள் பல தனிக்கட்டணமும் பெறுகின்றன. காட்சியும் விலைக்கு வந்துவிட்டது.

இவ்வளவு சிறிய விருப்பம் அறநெறிச் சிந்தனைக்கு உரியதா என்று வாசகர் வினவலாம். உரியதே என்று நாம் கருதுகிறோம். ஏனெனில், இவ்விருப்பத்துக்குள் பெரியதொரு கேள்வி அடங்கியிருக்கிறது. நாம் கண்டு மகிழும் ஒன்றுக்கும் நமக்கும் இடையே உள்ள உறவு என்ன? கண்டதோடு நம் கடன் முடிந்துவிடுகிறதா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அழகைக் காண விழைவது குற்றமன்று. தாம் படைத்தவற்றை நோக்கி, அவை நல்லவை எனக் கண்ட இறைவனோடுதான் தொடக்கநூல் தொடங்குகிறது. மேகத்துக்கு மேலே விடியலைக் காண விரும்பும் மூதாட்டியைக் கண்ணின் இச்சைக்கு அடிமையானவர் என்று எவரும் பழிக்கத் துணியார்.

ஆயினும் இவ்விழைவைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தென் பிரான்சிலுள்ள வாந்தூ மலைமேல் ஏறினார். அவ்வுயரத்திலிருந்து உலகைக் காண வேண்டும் என்னும் ஆவலன்றி வேறு நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. உச்சியில் நின்று, உடன் கொண்டுசென்ற புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ நூலைத் திறந்தார். மலைகளையும் கடல்களையும் விண்மீன்களையும் வியந்து செல்லும் மனிதர் தம்மைத் தாமே கவனியாது விடுகின்றனர் என்ற பொருள்பட அமைந்த பகுதி கண்ணில் பட்டதாகவும், அதன்பின் மலையிறங்கும் வரை வாய் திறவாது வந்ததாகவும் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அகுஸ்தினார் மலையைப் பழிக்கவில்லை. வெளியே பார்க்கும் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை மறந்துவிடுவதையே அவர் கடிந்தார்.

அவருடைய கண்டிப்போடு நாம் இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. உயரத்தில் நாம் மறப்பது நம்மை மட்டுமன்று, கீழே இருப்பவரையும்தான்.

நெடுந்தூர விமானங்கள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் பறக்கின்றன. அங்கிருந்து வானம் தெளிவாக இருந்தால் தொடுவானம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். மனிதர் இதற்கு முன் கண்டிராத பரப்பு அது. ஆனால் நலமான மனிதக் கண், ஒரு பாகையை 60 கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுள்ளதையே பிரித்தறியும். 10 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3 மீட்டர். அதைவிடச் சிறியது எதுவும் கண்ணுக்கு உருவமாகத் தோன்றாது. வீடு புள்ளியாகத் தெரியும். ஆறு கோடாகத் தெரியும். வயல் கட்டமாகத் தெரியும். வயலில் குனிந்து நிற்கும் மனிதர் தெரியமாட்டார். மண்ணை மிக அதிகமாகக் காணும் இடத்தில் மனிதர் ஒருவர்கூடத் தென்படுவதில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

தொடர்வண்டியின் சன்னல் இத்தகையதன்று. திருவிடைமருதூர் நிலையத்தில் ஏறி மயிலாடுதுறை நோக்கிச் செல்கையில், நடவு நடும் பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து வண்டியைப் பார்ப்பதை நாம் காண்கிறோம். வரப்பில் நிற்கும் சிறுவர் கையசைக்கின்றனர். நாம் பார்ப்பதுபோல் அவர்களும் நம்மைப் பார்க்கின்றனர். பார்வைக்குப் பார்வை பதிலாக வருகிறது. விமானத்தின் சன்னலில் அந்தப் பதில் இல்லை. கீழேயுள்ள எதுவும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எதுவும் நம்மிடம் ஒன்றைக் கேட்பதில்லை. அக்காட்சி அத்துணை இன்பம் தருவதற்கு இதுவும் காரணமோ என்று நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது.

நம் படுகையையே எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து பகலில் சிங்கப்பூர் நோக்கி நேர்வழியில் எழும் விமானத்தில் இடப்பக்கம் அமர்ந்தவருக்கு, காவிரி பல கிளைகளாகப் பிரிந்து செல்லும் பசுமை வடக்கே விரியும். பச்சைக் கம்பளம் என்று வியப்பார். வியக்கத்தக்கதே. ஆனால் அந்தப் பச்சையில் தலைமடையும் உண்டு, கடைமடையும் உண்டு. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான சூன் 12 தள்ளிப்போனால், கடைமடை உழவர் வாய்க்காலைப் பார்த்துக் காத்துக்கிடக்கும் நாள்கள் அந்தப் பச்சைக்குள் உண்டு. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறித்து பிறப்பு நாளின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த மண்ணும் இதே பச்சைதான். உயரத்திலிருந்து நோக்கினால் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் வேறுபாடு இல்லை.

இதற்கு மறுமொழி கூறுவோர் உண்டு; அவர்கள் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. உயரப் பார்வையால் பயனும் விளையும் என்பர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் சாய்ந்த தென்னந்தோப்புகளின் பரப்பை அறிய மேலிருந்து பார்ப்பதே விரைந்த வழி. ஆட்சியாளர் ஹெலிகாப்டரில் சென்று பார்வையிட்டதும் அதனால்தான். எவ்வளவு அழிந்தது என்பதை அப்பார்வை சொல்லும். அந்தத் தோப்பின்மேல் வாங்கிய கடனையும், புதுக் கன்று காய்ப்புக்கு வரும்வரை அடுப்பு எரிய வேண்டிய ஆண்டுகளையும் அது சொல்லாது. அவற்றை அறிய ஒருவர் இறங்கிவந்து, சாய்ந்த மரத்தருகே நின்று, மரத்துக்குரியவர் பேசுவதைக் கேட்டாக வேண்டும்.

மேலும், மண்ணில் நடந்து பழகியவருக்கு உயரமும் பல உண்மைகளைக் காட்டும். விமானம் தாழப் பறக்கும் நிமிடங்களில், கூரைகள் ஓரிடத்தில் ஒரு திரளாகவும், நடுவே வயலை விட்டு அப்பால் வேறொரு திரளாகவும் தெரியும். அயலார் அதை இரு சிற்றூர்கள் என எண்ணக்கூடும். நம் கிராமங்களை அறிந்தவருக்கு அது ஊரும் சேரியும் என்பது விளங்கும். அந்த இடைவெளியை எந்த ஆறும் உண்டாக்கவில்லை, மனிதரே உண்டாக்கினர். ஆகவே குறை உயரத்தில் இல்லை. கீழே நாம் யாரை அறிந்திருக்கிறோமோ, அவரையே மேலேயும் நினைவுகூர முடியும்.

எரிகோ நகரின் சக்கேயுவும் காட்சிக்கென்று நல்லதோர் இடத்தைத் தேடியவரே. குள்ளமானவர், கூட்டம் மறைத்தது, முன்னே ஓடிக் காட்டு அத்தி மரத்தில் ஏறினார். இயேசுவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருந்தால் அது ஒரு நல்ல வேடிக்கையாக முடிந்திருக்கும். ஆனால் அவர் காண ஏறியவர் நின்று, அண்ணாந்து, பெயர் சொல்லி அழைத்து, இறங்கிவரச் சொன்னார். சக்கேயு இறங்கிய பின்னரே ஏழைகளும், அவரால் ஏமாற்றப்பட்டவர்களும் அவர் கண்ணுக்குத் தெரிந்தனர். உடைமையில் பாதியும் நாலத்தனை ஈடும் பேச்சில் வந்தன. இயேசு மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஏறியவர் இறங்க வேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு.

சன்னலோரத்தில் அமர்பவருக்கு விமானத்துக்குள்ளேயே ஒரு கடமை காத்திருக்கிறது. விமானம் எழும்போதும் இறங்கும்போதும் சன்னல் திரையைத் திறந்து வைக்குமாறு கேட்பது பல நிறுவனங்களின் வழக்கம். வெளியே புகையோ நெருப்போ தோன்றினால் உள்ளிருப்போர் அறிய வேண்டும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அவ்வேளையில் சன்னலோரத்தில் இருப்பவர் அனைவருக்குமான காவலர். தமக்கென்று கட்டணம் செலுத்திப் பெற்ற காட்சியை அவர் பிறர்பொருட்டும் பார்க்கிறார்.

அடுத்த இருக்கையிலும் ஒருவர் இருக்கிறார். முதன்முறை வேலைக்குப் போகும் இளைஞராக இருக்கலாம். பேரப்பிள்ளையைக் காணப் போகும் பாட்டியாக இருக்கலாம். அவருடைய முகத்தைக் காண 10 கிலோமீட்டர் உயரம் தேவையில்லை. இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஆராயவும் தேவையில்லை. மலைமுடி தெரியும்போது சற்றே பின்சாய்ந்து அவருக்கும் வழிவிடுவது எளிய செயல். அவருடைய ஊர் எது என்று கேட்பது அதைவிட எளிது.

ஆகவே, சன்னலோர இருக்கையை விரும்புவோர் தயங்காமல் கேட்டுப் பெறட்டும். மலையையும் கடலையும் மனமார வியக்கட்டும். கண்ட பச்சையில் எவருடைய உழைப்பு இருக்கிறது என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். ஊர் திரும்பியபின் அந்த வயல்களில் ஒன்றின் வரப்பில் சற்று நடந்து, அங்கே வேலை செய்வோரிடம் நலம் விசாரிக்கட்டும். மேலிருந்து பார்த்தபோது மறைந்திருந்த மனிதரை அங்கே கண்முன் காணலாம்.