நிறம் நீங்கிய நீர்

சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர் சிவப்பாகவோ நீலமாகவோ ஓடும்போது அதனைத் தீங்கென்று அறியக் கல்வி வேண்டுவதில்லை, கண் போதும். அந்நீரைச் சூரிய ஒளிகொண்டே தெளியவைக்கும் வழியொன்றை இரசாயனவியல் கண்டுள்ளது. வழி அரியது என்பதில் ஐயமில்லை. ஆயின், நீர் தெளிந்த அளவில் அதனை வெளியேற்றியவனது கடமை தீர்ந்துவிடுமா என்னும் வினா இரசாயனவியலுள் அடங்குவதன்று.

சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே இங்கு ஊக்கியாகின்றது. ஊதாக்கடந்த ஒளி படும்போது அதன் இலத்திரன்கள் உயர்சத்தி நிலைக்குத் தாவுகின்றன; அவை விட்டுச்சென்ற துளைகள் நீரிலிருந்து ஐதரொட்சைல் மூலிகங்களைத் தோற்றுவிக்கின்றன. சாய மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைப்பவை இம்மூலிகங்களே. ஊக்கியோ செலவாவதில்லை. யப்பானிய அறிஞரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் இவ்வொட்சைட்டின்மீது ஒளி பட நீர் பிரிகையுறுவதை 1972இல் வெளியிட்டதன் பின்னரே இத்துறை பெரிதும் வளர்ந்தது. சூரிய ஒளியில் இதற்குப் பயன்படுவது நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கேயாயினும், வெயிலுக்குக் குறைவில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வழி கவர்ச்சியுடையதே. இவ்வொட்சைட்டுக்கு மூலமான இல்மனைற்று, உருத்தைல் மணல்களும் தொலைவிலன்றிப் புல்மோட்டைக் கரையிலேயே உள்ளன.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அசோச் சாயங்களின் நிறத்துக்குக் காரணம் இரு நைதரசன் அணுக்களின் பிணைப்பாகும். மூலிகங்களின் தாக்குதலில் அப்பிணைப்பு விரைவில் அறுபட, நிறம் மறைகின்றது. எஞ்சிய துண்டங்கள் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற நெடுநேரம் செல்லும். இடையில் நிறுத்தினால் நஞ்சுடைய சேர்வைகள் தெளிந்த நீரிலேயே தங்கிவிடலாம். அன்றியும், சாயம் பருத்தி நூலிற் பற்றுவதற்காக இடப்படும் உப்பை ஒளியூக்கி அகற்றுவதில்லை. ஆகவே குற்றம் நீங்குமுன்னரே குற்றத்தின் சாட்சி நீங்கிவிடுகின்றது.

திருப்பூரில் நிகழ்ந்தது இதற்கு அயலானதன்று. அங்கு கையாளப்பட்டவை வேறு முறைகள். முன்னைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. உப்பு நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. 2011 சனவரியிற் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது.

திருப்பூரையொத்த சாயத் தொழில் குடாநாட்டில் இல்லை. வருமாயின், கழிவைக் கொண்டுசெல்ல வற்றாத ஆறு ஒன்றுதானும் இங்கில்லை. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின் கீழ், உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே குடாநாட்டாரின் சொத்து. ஒருவர் வளவில் ஊற்றியது மற்றொருவர் கிணற்றில் ஊறும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மணமும் படலமும் அதனைக் காட்டிக் கொடுத்தன, மக்கள் வெகுண்டனர், 2019இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது. பசளையிலிருந்து கிணறுகளுட் செல்லும் நைத்திரேற்றுக்கு அத்தகைய எழுச்சி உண்டானதில்லை. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாகக் கொள்வர். நீரின் நிறத்தை நீக்கியவன் அயலவனிடமிருந்து காட்சியளவையைப் பறித்துவிடுகின்றான். கருதலுக்கு ஆய்வுகூடமும் கருவியும் வேண்டும். அவை கிணற்றுக்காரனிடம் இல்லை. அவனுக்கு எஞ்சுவது உரை ஒன்றே, அதாவது தொழிற்சாலைக்காரனும் பரிசோதகனும் சொல்லும் சொல். எனவே, தெளியவைத்தவனது கடமை முன்னையிலும் பெரிதாகின்றது. முன்பு அவன் பொய்யுரைத்தாலும் வாய்க்கால் உண்மையைச் சொல்லியிருக்கும்.

முழுமையான முறை கிட்டும்வரை ஏதும் செய்யாதிருப்பதா எனச் சிலர் வினவுவர். வினவுவது நியாயமே, பாதி தூய்மை செய்தல் ஏதும் செய்யாமையிலும் நன்று. ஆனால் பாதி செய்தவன் "நிறம் நீக்கப்பட்டது" என்று சொல்லலாமேயன்றி, "நீர் சுத்தமாயிற்று" என்று சொல்லலாகாது. நீரில் எஞ்சிய உப்பின் அளவையும் சேர்வைகளின் அளவையும் எவரும் கேளாமலே அவன் வெளியிடவேண்டும். உப்பைப் பிரிக்கச் சவ்வுகளும் ஆவியாக்கும் கலங்களும் எரிபொருளும் தேவை. அச்செலவு சீலையின் விலையிற் சேரவேண்டியது. விலை ஏறினால் வாங்குவோர் குறைவர் என்பது மெய்யே. ஆயினும் அவ்விழப்பைச் சீலையை உடுத்தாத கிணற்றுக்காரன் தாங்கவேண்டுமென்பதற்கு நியாயம் ஏதுமில்லை.