அடுத்த வீட்டுக்கு என்ன நடந்தது?

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசியப் பூங்காவை அடுத்துக் கிடக்கிறது வில்கமுவ. நெல் முற்றும் காலத்தில் இங்குள்ள உழவர்கள் காவல் பரணில் விழித்திருப்பார்கள். காட்டிலிருந்து இறங்கும் யானை, அறுத்து வைத்த நெல்லின் மணம் பிடித்து வீட்டுச் சுவரையே இடிக்கும். ஒரு வீடு தப்பும். அடுத்த வீடு சரியும்.

தப்பிய வீட்டுக்காரர் ஒரு ஜெபக் கூட்டத்தில் எழுந்து, "ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவருடைய கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. அவரிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: இடிந்த வீட்டிலும் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்தபடி மன்றாடியிருப்பாளே, அவளுக்கு என்ன பதில்?

அவள் பாவம் செய்தவள் என்றால், அடிபட்டவளை இன்னொரு முறை அடிக்கிறோம். அது கடவுளின் சித்தம் என்றால், அந்தச் சித்தத்தை ஏன் வணங்க வேண்டும் என்பதை விளக்க வேண்டும். காரணம் நமக்குத் தெரியாது என்பது மூன்றாவது பதில். மூன்றிலும் நேர்மையானது இதுதான். ஆனால் ஒருத்தியைக் கைவிட்ட காரணம் தெரியாதென்றால், இன்னொருவரைக் காத்த காரணம் மட்டும் எப்படித் தெரிந்தது?

யானையின் வழியைத் தீர்மானிப்பவை வேறு. காடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மின்வேலி எங்கே ஓடுகிறது, அந்த வேலியைப் பராமரிக்க ஊர் ஒன்றுகூடுகிறதா என்பவை அவை. வஸ்கமுவவைச் சூழ்ந்த ஊர்களில் யானைகள் விரும்பாத தோடை மரங்களை வீட்டுத் தோட்டங்களில் நட்டிருக்கிறார்கள். யானை நடமாடும் பாதையில் பிள்ளைகள் நடந்து போகாமலிருக்கப் பஸ் விட்டிருக்கிறார்கள். இவை தனி ஒருவருக்கு வந்த அற்புதங்கள் அல்ல. அடுத்த வீட்டையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடுகள்.

"என் வாழ்க்கையே மாறியதே, அதை மறுப்பீர்களா?" என்று விசுவாசி கேட்பார். மறுக்கமாட்டேன். குடியை விட்ட தகப்பனால் ஒரு குடும்பம் சோறு தின்கிறது என்றால் அது கண்கண்ட உண்மை. அதைப் பரிகசிப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால் பௌத்தப் பன்சலையில் சில் என்னும் நோன்பெடுத்துக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்து திருந்தியவர்களும் இருக்கிறார்கள். மாற்றம் நடந்தது என்பதற்குத்தான் அனுபவம் சான்று. மாற்றியவர் யார் என்பதற்கு அது சான்றாகாது.

அப்படியானால் அந்த மாற்றத்தை எதைக் கொண்டு எடைபோடுவது? உங்கள் நம்பிக்கையை ஏற்காத அயலவர் உங்கள் மாற்றத்தால் என்ன நன்மை கண்டார்? என் அளவுகோல் இந்த ஒரு கேள்விதான். இதில் தேறியவர்கள் இந்த நாட்டிலேயே உண்டு.

அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகளார் ரோமிலும் பாரிஸிலும் உயர்கல்வி கற்ற இறையியலாளர். 1980இல் குருமாணவர்களுக்குப் பாடம் சொல்லும் வாழ்க்கையை விட்டுவிட்டு மொனராகலை மாவட்டத்தின் புத்தலப் பகுதிக்குப் போனார். வில்கமுவவைப் போலவே அதுவும் வறண்ட வலயம். சேனையும் வயலும் யானையும் கடனும் நிறைந்த சிங்கள பௌத்த உழவர்களின் ஊர். அங்கே அவர் 'சுப செத் கெதர' என்ற சிறு இல்லத்தில் வாழ்ந்தார். மதம் மாற்றும் வேலையை அவர் செய்யவில்லை. பிள்ளைகளின் படிப்பு, மூலிகை மருத்துவம், கரும்புச் செய்கைக்காக நிலம் பறிபோன உழவர்களின் உரிமை ஆகியவையே அவருடைய வேலையாயின. அச்சுறுத்தல் வந்த பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருடைய கடவுளை நான் ஏற்கவில்லை. புத்தல உழவர்களும் தம் மதத்தை விட்டு அந்தக் கடவுளிடம் போகவில்லை. ஆனாலும் அவர் செய்த நன்மையை அறிய அவர்களுக்கு ஞானஸ்நானம் தேவைப்படவில்லை. விசுவாசம்தான் அவருக்குத் துணிவு தந்தது என்று சொன்னால், இருக்கலாம் என்பேன். ஆனால் அவருக்குக் கடவுள் காவலாக நின்றார் என்று எவரும் சாட்சி சொல்ல முடியாது. காவல் இல்லாமலே அவர் நின்றார்; அதுதான் அவருடைய பெருமை.

குருநாகலின் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவும் இந்த அளவுகோலில் தேறியவர். குடியியல் உரிமைகள் இயக்கத்தின் தலைவராக இருந்த அவர், 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு தம் திருச்சபை மக்களிடம், தமிழர்களுக்கு இழைக்கப்பட்டதை எந்த அறத்தாலும் நியாயப்படுத்த முடியாது, சிங்களவர்களாகிய நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். சொந்த இனத்தார் முன்னால் நின்று இதைச் சொல்வதைவிடக் கடினமான சாட்சி எது?

இவர்களுக்குப் பக்கத்தில், தலைகளை எண்ணும் ஊழியத்தை வைத்துப் பாருங்கள். நோயாளியின் கட்டிலருகே போய் மருந்தை விடச் சொல்லும் ஊழியம், பசித்தவனுக்கு அரிசியோடு துண்டுப் பிரசுரமும் கொடுக்கும் ஊழியம், அயலவரின் அச்சத்தைத் தானே விதைக்கிறது. அந்த அச்சத்திலிருந்துதான் 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அந்தச் சட்டமூலத்தையும் நான் எதிர்க்கிறேன். ஒருவர் எதை நம்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொலிஸ்காரருக்குக் கிடையாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. நம்பாதவனுக்கும் அது உரியது.

பகுத்தறிவாளர்களே, இனி நம் முறை. நம் முன்னோடி ஆபிரகாம் கோவூர் கேரளத்துத் திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுட ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அவர் விடுத்த சவாலில், 1978இல் அவர் மறையும்வரை எவரும் வெல்லவில்லை. ஆனால் அவர் அற்புதங்களைப் பொய்யென்று காட்டியதோடு நின்றுவிடவில்லை. பேய் பிடித்ததென்று அஞ்சியவர்களின் வீடுகளுக்கே போனார், அவர்களோடு உட்கார்ந்து பேசினார், நோயின் காரணத்தைத் தேடினார். இன்று நம்மில் எத்தனை பேர் அப்படிப் போகிறோம்? மேடையில் கடவுளை மறுத்துவிட்டு, திருமணத்தில் சாதி பார்க்கிறவன் எந்த மூடநம்பிக்கையை வென்றான்?

கடவுள் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் வில்கமுவவில் ஒரே வரம்பில்தான் நடக்கிறார்கள். நாளை யானை வேலியை உடைத்தால், அதைச் சரிசெய்ய இருவரும் வர வேண்டும். வராதவர் ஆத்திகராயினும் நாத்திகராயினும், தம் வாழ்க்கை மாறிவிட்டது என்று எந்த மேடையிலும் சொல்ல உரிமையற்றவர்.