தவறான கல்லும் தட்டிப் பார்க்கும் கோலும்

யூத, கிறித்தவ நூல்கள் மனித வாழ்வையும் சமயக் குழுவையும் அடிக்கடி கட்டடமாகக் காண்கின்றன. ஆகவே, சுவருக்குள் தகாத பொருள் புகுந்தால் அதை எப்போது, எப்படிக் கண்டறிவது, கண்டறிந்தபின் கல்லையும் கட்டியவரையும் என்ன செய்வது என்பவை அவற்றில் அறக் கேள்விகளாகின்றன.

முதலில், எது தகாத பொருள்? ஆதியாகமத்தில் பாபேல் கோபுரத்தைக் கட்டுவோர் கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லையும் சாந்துக்குப் பதிலாக நிலக்கீலையும் பயன்படுத்துகின்றனர். கல் மலிந்த மலைநாட்டாருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். மெசொப்பொத்தேமிய வண்டல் சமவெளியிலோ கல் அரிது. கி.மு. 21ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஊர் நகரத்துச் சிகுராத் என்னும் படிக்கோபுரம், உள்ளே பச்சைச் செங்கல்லும் வெளியே நிலக்கீல் கொண்டு அடுக்கிய சுட்ட செங்கல்லுமாக எழுப்பப்பட்டது. ஆதியாகமக் கதையிலும் கோபுரம் இடிவதில்லை. மொழி குழம்பி வேலை நின்றுபோகிறது. அங்கே பிழை கட்டியோரின் நோக்கத்தில் இருந்தது.

எசேக்கியேல் நூலின் 13ஆம் அதிகாரம் மறைத்தலைக் குற்றமாக வைக்கிறது. மக்கள் எழுப்பும் நோஞ்சான் சுவருக்குப் பொய்த் தீர்க்கதரிசிகள் பூச்சு பூசுகின்றனர். அதாவது, சமாதானம் இல்லாத காலத்தில் சமாதானம் என்று சொல்லித் தேற்றுகின்றனர். பார்வைக்குச் சுவர் சீராக இருப்பதால் யாரும் அதைச் சோதிப்பதில்லை. பெருமழையும் கல்மழையும் புயலும் வந்தபின் அடித்தளம் வெளிப்படுகிறது. பூசியவர்களும் சுவரோடு அழிகின்றனர்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் (சுமார் கி.பி. 54) வேலையையும் வேலையாளையும் பிரித்துப் பார்க்கிறது. ஒரே அடித்தளத்தின்மேல் ஒருவர் பொன், வெள்ளி, விலையுயர்ந்த கல் கொண்டு கட்டலாம். இன்னொருவர் மரம், புல், வைக்கோல் கொண்டு கட்டலாம். நெருப்பு இரண்டையும் சோதிக்கும். வைக்கோல் வேலை எரிந்துபோகும். கட்டியவர் இழப்போடு தப்புவார். இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிப்பு நிலை பற்றிய கத்தோலிக்க இறையியல் பின்னாளில் இப்பகுதியைச் சான்றாகக் கொண்டது.

புயலும் நெருப்பும் பொய்க்காத சோதனைகள். ஆனால் அவை உண்மையைச் சொல்லும்போது கட்டடம் போய்விடுகிறது. இடியுமுன் சோதிக்க முடியாதா என்பதற்கு இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் உருவான ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ விடை தருகிறது. அந்நூலில் திருச்சபை ஒரு கோபுரம். வேலை இடைநிறுத்தப்பட்டிருக்க, அதன் தலைவர் வந்து ஒவ்வொரு கல்லையும் கோலால் மும்முறை தட்டுகிறார். சில கருக்கின்றன, சில விரிசலைக் காட்டுகின்றன. அவை பெயர்த்தெடுக்கப்பட்டுக் கோபுரத்தின் அருகிலேயே வைக்கப்படுகின்றன. நூலின் பெயரில் வரும் மேய்ப்பன் அவற்றைத் துப்புரவாக்கிச் செதுக்குகிறான். உறுதியானவை வெளிப்புறத்திலும் சற்று வலுக்குறைந்தவை நடுவிலும் இடம்பெறுகின்றன. கருமை மாறாதவையும் செதுக்கவே முடியாதவையும் ஒதுக்கப்படுகின்றன.

அதே நூலின் முந்தைய காட்சி ஒன்றில் உருண்டையான வெண்கற்கள் வருகின்றன. அவை செல்வர்கள். கல்லில் பழுதில்லை, வடிவம்தான் பொருந்தவில்லை. செல்வம் என்னும் மிகை செதுக்கப்பட்டால் அவையும் சுவருக்கு ஆகும்.

இவ்வாறு ஹெர்மாஸிடம் வலிமையை அளப்பது திருத்தத்துக்கான வழியாகிறது. கல்லின் குறை, அது எங்கே பொருந்தும் என்பதைக் கொண்டும், எவ்வளவு செதுக்கத் தாங்கும் என்பதைக் கொண்டும் மதிப்பிடப்படுகிறது. ஆயினும் இந்த இடைவேளைக்கு எல்லை உண்டு: வேலை நிற்பதே மனந்திரும்புவதற்காக, கோபுரம் முடிந்துவிட்டால் திருந்திய கல்லுக்கும் அதில் இடமில்லை.