அடுத்த வருஷமும் அதே வீடு



பள்ளி விடுமுறை நெருங்கினால் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "போன வருஷம் போன இடத்துக்கே மறுபடியுமா?" போன இடத்துக்கே திரும்பப் போவதென்றால் நமக்குக் கொஞ்சம் இளப்பம்தான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு வீட்டின் கதை தெரிந்தால் அப்படிச் சட்டென்று சொல்லமாட்டோம்.

ஊர் செயின்ட் ஐவ்ஸ். கார்ன்வால் கரையில் ஒரு மீன்பிடி ஊர். வீட்டின் பெயர் டாலண்ட் ஹவுஸ். லண்டன் எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன் அதைக் குத்தகைக்கு எடுத்தார். 1882 முதல் 1894 வரை பதின்மூன்று கோடைகள் அந்தக் குடும்பத்துக்கு அங்கேதான். முதல் கோடையில் கைக்குழந்தையாக வந்த பெண், பின்னாளில் நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப்.

எட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பம் அது. பிள்ளைகள், வேலையாட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் ரயிலேறி ஒரு பகல் முழுக்கப் பயணம். போய் இறங்கினால் விருந்தாளிகள் வருவார்கள். எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ்கூட வந்திருக்கிறார். இத்தனையையும் கட்டி மேய்த்தவர் தாய் ஜூலியா. கல்கத்தாவில் பிறந்தவர். நோயாளிகளைக் கவனிப்பது பற்றி 1883-இல் ஒரு சிறு புத்தகம் எழுதியவர். செயின்ட் ஐவ்ஸிலும் ஏழை நோயாளிகளின் வீடுகளைத் தேடிப் போவார். விடுமுறை வீட்டில் விடுமுறை யாருக்கு என்பதை அம்மாக்களைத்தான் கேட்கவேண்டும்!

பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் கிரிக்கெட். வர்ஜீனியா பந்து வீசினால் அண்ணன் தம்பிகளே திணறுவார்களாம். கீழே இறங்கினால் மணல். எதிரே விரிகுடா, அதன் அந்தப் பக்கம் காட்ரெவி என்ற சின்னத் தீவு. 1854-இல் நைல் என்ற நீராவிக் கப்பல் அங்குள்ள பாறைகளில் மோதி, அதில் இருந்த அத்தனை பேரும் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1859-இல், தீவில் கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியும். ஆனால் போய்ச் சேரப் படகு வேண்டும். காற்றும் நீரோட்டமும் ஒத்துவரவேண்டும்.

பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார்கள். 1892 செப்டம்பரில் அதில் ஒரு செய்தி. இன்று காற்று நன்றாக இருக்கிறது என்று படகுக்காரர் சொல்ல, கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம் என்று அண்ணன் தோபிக்கும் வர்ஜீனியாவுக்கும் அழைப்பு வந்தது. எட்டு வயது தம்பி ஏட்ரியனுக்கு மட்டும் அனுமதி இல்லை. பிள்ளைக்குப் பெரிய ஏமாற்றம்.

அழுதிருப்பான். ஆனால் அவனிடம் ஒரு கையிருப்பு இருந்தது: அடுத்த வருஷம். அதே வீடு, அதே மணல், அதே படகுக்காரர். வருஷத்துக்கு ஒரு புது ஊர் என்று கூட்டிப்போகும்போது குழந்தை நிறையப் பார்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தவறவிட்டது தவறவிட்டதுதான். பழகிய இடத்தில் பாக்கி வைக்கலாம். பாதி கட்டிய மணல்வீடு, ஏற முடியாத பாறை, போக முடியாத தீவு எல்லாம் அடுத்த கோடைக்கு நிற்கும்.

ஐம்பத்தேழு வயதில் தன் ஆரம்ப நினைவுகளை எழுத உட்கார்ந்த வர்ஜீனியாவுக்கு, தன் வாழ்க்கைக்கே அடித்தளமாகத் தெரிந்தது அந்த வீட்டின் குழந்தைகள் அறைதான். அரைத்தூக்கம், மஞ்சள் திரைக்கு அப்பால் அலை உடையும் ஓசை, காற்றில் திரை அசைய அதன் கயிற்று நுனியிலிருந்த சின்னக் குமிழ் தரையில் இழுபடும் சத்தம். ஒருமுறை பார்த்துவிட்டு வந்த சுற்றுலாத் தலம் இப்படியெல்லாம் மனசில் ஒட்டாது என்பது என் எண்ணம்.

அந்தக் கோடைகளின் கடைசியில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஹோட்டல் எழும்பியது. 1895 மே மாதம் ஜூலியா இறந்தார். அவர் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை, குத்தகையை விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் என்பதே இல்லாமல் போயிற்று. 1905-இல் வர்ஜீனியாவும் உடன்பிறந்தவர்கள் மூவரும் செயின்ட் ஐவ்ஸுக்குப் போனார்கள். வீட்டை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது.

1927-இல் வெளிவந்த வர்ஜீனியாவின் 'டு த லைட்ஹவுஸ்' நாவலிலும் ஒரு சிறுவன் கலங்கரை விளக்கத்துக்குப் போக ஆசைப்படுகிறான். போய்ச் சேரப் பத்து வருஷம் ஆகிறது. அதற்குள் அம்மா இறந்துபோகிறாள். கதையை அவர் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் நடப்பதாக வைத்திருந்தார். நீங்கள் எழுதியிருக்கும் மரங்களும் பூக்களும் பறவைகளும் அந்தத் தீவுப் பக்கம் கிடையாதே என்று ஒரு வாசகர் பிடித்துவிட்டார். இருக்காதுதான். அவை டாலண்ட் ஹவுஸ் தோட்டத்தில் இருந்தவை.