எள்ளுக்குள் இல்லாத எண்ணெய்

கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: ஆம்ப்பின் ஒலியைக் கம்ப்யூட்டரில் நகலெடுக்கும் ஆம்ப் பிளகின்களில் இனிமேல் புதிதாகச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? மார்ஷல் வந்தாயிற்று, ஃபெண்டர் வந்தாயிற்று, வாக்ஸ் ஏசி30 வந்தாயிற்று. ஒவ்வொன்றையும் பல நிறுவனங்கள் விற்கின்றன. இலவசமாகக் கிடைப்பவையும் காசு கொடுத்து வாங்குபவற்றுக்குச் சளைத்தவை அல்ல. நண்பர்கள் இதைத் தொழில்நுட்பக் கேள்வியாகக் கேட்கிறார்கள். எனக்கோ இது சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்ட கேள்வி. இல்லாதது எப்படித் தோன்றும்?

எங்களுக்குப் பாடம் நடத்திய ஐயா இந்த இடத்தில் அவசரப்படவே மாட்டார். காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பது சாங்கியம். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் எள்ளைச் செக்கில் இடுகிறோம், மணலை இடுவதில்லை. சைவ சித்தாந்தமும் இந்தச் சற்காரியவாதத்தை ஏற்றுக்கொண்டது. நியாய வைசேடிகர்கள் ஒப்பமாட்டார்கள். குடம் மண்ணிலேயே இருந்ததென்றால் குயவனுக்கு என்ன வேலை, மண்ணைக் கொண்டே தண்ணீர் மொள்ளலாமே என்பார்கள். குடம் அவர்களுக்கு ஒரு புதுத் தொடக்கம். வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனபோது சாங்கியனும் வைசேடிகனும் அந்த வரிசையில் இருந்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அதை ஓர் ஆம்ப்பை முன்னால் வைத்து விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆம்ப் பிறந்தது ஒரே வேலைக்கு. தந்தியின் சின்ன ஒலியைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் கொண்டாடும் டிஸ்டார்ஷன் என்ற ஒலிச்சிதைவு எல்லாம் அந்த வேலையில் அது தோற்ற இடங்கள். 1951-இல் மெம்ஃபிஸில் ‘ராக்கெட் 88’ பதிவானபோது, வழியில் அடிபட்டிருந்த ஆம்ப்புக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்த உறுமலே பாட்டில் நின்றது. நாஷ்வில்லில் கன்சோலின் ஒரு சானல் கெட்டுப்போக, 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டில் கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே ஒரு சர்க்யூட்டாகக் கட்டினார்; 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாகக் கடைக்கு வந்தது. கிட்டாரை ஊதுகருவிகள் போல ஒலிக்கவைக்கலாம் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். 1965-இல் ‘சாடிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்ததுகூட, அந்த இடத்தில் பிறகு ஹார்ன்கள் வரும் என்ற எண்ணத்தில், இடம் பிடித்து வைப்பதற்காக. ஹார்ன்கள் வரவில்லை. ஹார்னைப் போல ஒலிக்காத அந்தப் போலிதான் பாட்டாயிற்று.

எனக்கு இதைவிடப் பிடித்தது மார்ஷலின் வரலாறு. லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம் ஆசிரியர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்ப்கள் அங்கே விலை அதிகம். 1962-இல் கென் பிரானும் டட்லி கிராவனும் ஃபெண்டர் பேஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து அவருக்காக ஜேடிஎம்45-ஐக் கட்டினார்கள். நகல்தான், ஒளிவுமறைவில்லை. ஆனால் பாகங்கள் பிரிட்டனில் கைக்குக் கிடைத்தவை. டிரான்ஸ்ஃபார்மர் வேறு. முதல் கட்டத்தில் 12ஏஒய்7 வால்வு இருக்கவேண்டிய இடத்தில் கெயின் கூடுதலான ஈசிசி83. பேஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன்கள் என்பது வழக்கமாயிற்று. இப்படி ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறிப்போன நகல் அது. அந்தத் தவறுதல்களின் கூட்டுத்தொகைதான் பிறகு வந்த ராக் இசையின் பாதி.

இப்போது தவறாத நகலைப் பார்ப்போம்.

1998-இல் லைன் 6 நிறுவனம் ‘ஆம்ப் ஃபார்ம்’ பிளகினையும் ‘பாட்’ என்ற சிவப்புப் பெட்டியையும் கொண்டுவந்தது. சர்க்யூட்டின் போக்கைக் கணக்காக எழுதுவது அந்தக் காலத்து வழி. ஸ்டீவன் அட்கின்சன் எழுதி இலவசமாகத் திறந்துவிட்ட ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ வேறு வழியில் போகிறது. சர்க்யூட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியவேண்டாம். மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் சோதனை ஒலி ஒன்றை ஆம்ப்புக்குள் அனுப்ப வேண்டும். வெளியே வருவதைப் பதிய வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்கிறது. அலெக்சாண்டர் டம்பிள் கலிஃபோர்னியாவில் கையால் செய்த ஆம்ப்கள் இன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகின்றன. யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று அவர் சர்க்யூட்டின் மேல் எபாக்ஸியை ஊற்றி மூடிவிடுவார். அந்த மூடியைத் தொடாமலே, காரியத்தை மட்டும் கேட்டு இன்று நகல் எடுத்துவிடுகிறார்கள். காரணத்தை அறியாமல் காரியத்தை முழுதாக அடைவது என்பது நம் தருக்க நூலோரையும் யோசிக்கவைத்திருக்கும்.

இதற்கு நான் நன்றி கெட்டவன் அல்ல. வளசரவாக்கத்தில் வாடகை வீடு. சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை. 100 வாட் மார்ஷலை இங்கே யார் வைத்துக்கொள்ள முடியும்? இரவு பதினோரு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஒலியில் வாசிக்கிறேன். என்னிடம் படிக்கும் பையன்களில் சிலருக்கு வால்வு ஆம்ப் என்பது வாழ்நாளில் வாங்க முடியாத பொருள். அவர்கள் கையில் இது வந்து சேர்ந்தது பெரிய நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் கேள்வி புதுமையைப் பற்றியது. நெட்வொர்க்கைப் பயிற்றும்போது ஓர் எண்ணைக் கவனிக்கிறோம். ஆம்ப்பின் ஒலிக்கும் நகலின் ஒலிக்கும் உள்ள வித்தியாசம் அது. அதைப் பூஜ்யத்தை நோக்கித் தள்ளுவதுதான் பயிற்சி முழுவதும். அப்படியானால் பேஸ்மேனில் இல்லாத ஒன்று ஜேடிஎம்45-இல் தலைகாட்டியதே, அதைப்போல இங்கே ஏதாவது தலைகாட்டினால் என்ன ஆகும்? அந்த எண் கூடும். பயிற்சி உடனே அதைத் திருத்தி அழிக்கும். ஹெல்சிங்கியின் நியூரல் டிஎஸ்பி நிறுவனம் ஆம்ப்பின் நாப்களைத் திருகுவதற்கே ஒரு ரோபோ செய்து வைத்திருக்கிறது. அதைக் கொண்டு நாப்களின் எல்லா நிலைகளிலும் அந்த எண்ணைக் குறைக்கலாம். அபாரமான உழைப்பு. புதுமை பிழையாகவே பதிவாகும்படி அமைந்த உழைப்பும் அதுதான்.

சித்தாந்தி மூன்று காரணங்கள் சொல்வார். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ஆம்ப் பிளகினில் புதுமை தேடுகிறவர்கள் எல்லோரும் மண்ணையே கிளறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். குயவனைப் பார்க்க வேண்டும். 1964-இல் டேவ் டேவிஸ் தன் சின்ன எல்பிகோ ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பை ரேஸர் பிளேடால் கீறினார். ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்பது அந்தக் கிழிசல். கிழிந்த ஒலி ஸ்பீக்கருக்குள் மறைந்து இருந்தது என்று சற்காரியவாதி சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். காகிதக் கூம்பு அப்படித்தான் அதிரும். ஆனால் அதைக் கேட்டு, ‘இதுதான் வேண்டும்’ என்ற விருப்பம்? அது காகிதத்தில் இல்லை, பிளேடில் இல்லை. இச்சை உயிருக்கு உரியது. ஆம்ப் வரலாற்றில் புதிதாகத் தோன்றியவை எல்லாம் இச்சையிலிருந்து தோன்றியவை. பழுதடைந்த கன்சோல்கள் உலகத்தில் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றில் ஒன்றன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பழுதைத் தூக்கிப்போட மறுத்தார்.

இன்று அந்த இச்சை எங்கே போயிற்று என்பதுதான் என் கவலை. ஒரு மாணவன் புது பிளகினை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். ரெண்டு கார்டு அடித்துவிட்டு, “சார், நிஜ பிளெக்ஸி மாதிரியே இருக்கா?” என்று கேட்டான். பிளெக்ஸி என்ற அந்தப் பழைய மார்ஷல் ஆம்ப்பின் முன்னால் அவன் நின்றதே இல்லை. அவன் கேட்டிருப்பது பழைய ஆல்பங்களை, அதாவது மைக்கும் டேப்பும் ஒருவரின் கையும் சேர்ந்து செய்தவற்றை. “உனக்குப் பிடிச்சிருக்காப்பா?” என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்கு உடனே பதில் வரவில்லை. நல்ல காது உள்ள பையன். ஒத்திருக்கிறதா என்று மட்டுமே கேட்கப் பழக்கப்பட்ட காதுக்கு, பிடித்திருக்கிறதா என்ற கேள்வி அந்நியமாகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கும் அதற்கே உரிய தோல்விகள் உண்டு. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் ஓடும்போது 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எழும் ஹார்மோனிக் எதுவும் மடங்கிக் கீழே விழும். 30,000-இல் எழுவது 18,000-இல் கேட்கும், சுருதிக்குச் சம்பந்தமே இல்லாமல். வால்வு தரமுடியாத டிஸ்டார்ஷன் இது. அதை ஒழிப்பதற்குத்தான் ஓவர்சாம்பிளிங் எல்லாம். ஒழிக்காமல் சுருதியோடு சேர்த்து வாசித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கணக்கில் எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று விநாடி தளர்ந்துபோய் மீளலாம். பெட்டி ஒவ்வொரு மீட்டலுக்கும் அளவு மாறலாம். இரும்பும் கண்ணாடியும் விதித்த எல்லை கணக்குக்குக் கிடையாது. சிலர் ஓரத்தில் இதைச் செய்துகொண்டும் இருக்கிறார்கள். ஆனால் கடைக்கு வருவதில் பெரும்பாலானவை திரையில் பழைய பெட்டியின் துணியையும் பித்தளை நிறத் தகட்டையும் வரைந்து, அதற்குள் தாமாகவே அடைந்துகொள்கின்றன.

ஐயா இருந்தால் என்னை விடமாட்டார். இச்சையும் உயிருக்குள் மறைந்திருந்ததுதான், உயிரை மூடிய ஆணவ மலம் விலகிய அளவுக்கு விளங்குகிறது, ஆகவே நீயும் சற்காரியவாதியே என்பார். இருக்கட்டும், அந்த வாதத்தில் அவரிடம் தோற்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பிளகின் செய்பவர்களிடம் நான் கேட்பது வேறொன்று. பயிற்சியின்போது பூஜ்யத்துக்குத் தள்ளுகிறீர்களே அந்த எண், அதை ஒரு நாபாக வெளியே கொண்டுவந்து வையுங்கள். மூலத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகுவது, எந்தப் பக்கம் விலகுவது, விலகிய இடத்தில் தங்குவதா திரும்புவதா என்பதை வாசிக்கிறவர்கள் கேட்டு முடிவு செய்துகொள்கிறோம்.